தறியை எண்ணிய அரசு, கணக்கைக் கேட்ட அரசு

இணையத்தில் தனியாளாகத் தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில் முதன்மையானது, நம்பகமான ஆடிட்டர் யாராவது தெரியுமா என்பதுதான். கரூரில் வீட்டிலிருந்தபடியே படுக்கை விரிப்பு விற்கும் பெண்ணும் இதைக் கேட்கிறார், கோவையில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் இளைஞரும் கேட்கிறார். வியாபாரம் சிக்கலாகிவிட்டது, அதனால் கணக்குத் தெரிந்தவர் தேவைப்படுகிறார் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தமிழ்நாட்டு வரி வரலாற்றைப் புரட்டினால் அந்தக் காரணம் நிற்கவில்லை. வியாபாரம் எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்துக் கணக்காளரின் தேவை ஏறி இறங்கவில்லை. அரசு எதன்மேல் கண் வைத்து வரி கேட்டதோ அதைப் பொறுத்தே ஏறி இறங்கியிருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களைப் பாருங்கள்: தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம். தறியை எண்ணலாம், செக்கைத் தெருவில் நின்றே பார்க்கலாம், தட்டார் எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரியும். தறிக்காரர் அந்த ஆண்டில் எவ்வளவு சம்பாதித்தார் என்று யாரும் ஏடு கேட்கவில்லை. கம்பெனி ஆட்சியிலும் இதே முறைதான் நீடித்தது. சென்னை மாகாணத்தில் மொத்தர்பா என்ற பெயரில் தறி, கடை, கைத்தொழில் ஆகியவற்றின்மேல் விழுந்த வரியும் கண்ணுக்குத் தெரிந்த பொருளை எண்ணி விதிக்கப்பட்டதே. அது நியாயமான வரி என்று நான் சொல்லவரவில்லை. ஓடாத தறிக்கும் ஓடுகிற தறிக்கும் ஒரே வரி என்றால் அடி ஏழையின் தலையில்தான் விழும். ஆனால் அந்த வரியைக் கட்ட நெசவாளருக்குக் கணக்குப்பிள்ளை தேவைப்படவில்லை.

மாற்றம் 1860-இல் வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசு கடனில் மூழ்கியிருந்தது. லண்டனில் ‘தி எகனாமிஸ்ட்’ இதழைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன் நிதிப் பொறுப்பேற்றுக் கல்கத்தாவுக்கு வந்து, அந்த ஆண்டு பிப்ரவரியில் வருமான வரியை முன்மொழிந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை சம்பாதிப்போருக்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 4 விழுக்காடு. எதிர்ப்புக் குரல் சென்னையிலிருந்து, அதுவும் கோட்டைக்குள்ளிருந்தே எழுந்தது. மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் புதிய வரிகளை எதிர்த்ததோடு நில்லாமல், தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். இருநூறு ரூபாய்க்காரரிடம் வசூலிப்பதில் கிடைத்த பணத்தைவிடத் தொல்லையே மிகுதி என்று கண்டு 1862-இல் அந்தக் கீழ்ப்படியைக் கைவிட்டார்கள். 1865-இல் வரியே காலாவதியானது. பிறகு லைசென்ஸ் வரி, மறுபடி வருமான வரி என்று தட்டுத்தடுமாறி, 1886 சட்டத்தில்தான் அது நிலைத்தது. அப்போதும் 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு இருந்தது.

வருமானம் தறியைப் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை அறிய அரசுக்கு இரண்டே வழி: குத்துமதிப்பாகப் போடுவது, அல்லது வியாபாரியின் ஏட்டைக் கேட்பது. அதுவரை உரிமையாளருக்காகவே எழுதப்பட்ட ஏடு அன்றுமுதல் சாட்சியாகவும் ஆனது. இங்கே ஒரு மறுப்பு எழும். ஏடு நீதிமன்றத்திலும் சாட்சியாக இருந்ததே, 1872 சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவே ஒழுங்காக எழுதப்பட்ட வியாபாரக் கணக்கை ஏற்றதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கடன் வழக்கில் ஏடு எப்போதாவது ஒருமுறை கூண்டேறும். அந்தப் பிரிவும் ஏட்டை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றே சொன்னது. வருமான வரியிலோ ஏடு ஆண்டுதோறும் போய் நிற்க வேண்டும். எதிரே இருப்பவர் கடன்காரர் அல்லர், அரசாங்கம்.

வியாபாரச் சிக்கலே கணக்காளரை உண்டாக்கியது என்போருக்குச் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் வரலாறு நல்ல பதில். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த ஒரு விலாசத்துக்கு, அதாவது வணிக நிறுவனத்துக்கு, ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடைகள் இருந்தன. வட்டி, உண்டியல், நெல் வயல் அடமானம், மகமை என்று வரவுசெலவு பலவகை, நாணயங்களும் பலவகை. அத்தனையும் நாள்வழியில் ஏறி, பேரேட்டுக்குப் போய், ஐந்தொகையாகத் திரண்டு ஊருக்கு வந்து சேர்ந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு முகவராகும்வரை கற்றது இந்தக் கணக்கைத்தான். கடல் கடந்து கொண்டு விற்கப் போனவர் பெரும்பாலும் மூன்று ஆண்டு இருந்து, கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். இன்றைய இணைய விற்பனையாளர் யாருடைய தொழிலும் இதைவிடச் சிக்கலானது என்று சொல்ல முடியாது. அதை எழுத வெளி ஆள் யாரும் வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்கு வெளி ஆள் தேவைப்பட்ட இடம் வேறு. மூன்றாண்டுக்கு ஒருமுறை முடிகிற கணக்கை, ஆண்டுக்கு ஒருமுறை வரி கேட்கிற அரசுக்கு எப்படிப் புரியவைப்பது? 1922 வருமான வரிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வெளிநாட்டில் ஈட்டிய வியாபார லாபத்தை மூன்று ஆண்டுக்குள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் அதற்கும் வரி என்றது. அப்படியானால் பினாங்கிலிருந்து வந்த பத்தாயிரம் ரூபாய் லாபமா, முதலா? எந்த ஆண்டு லாபம்? பேரேட்டில் இதற்கு நேரான விடை கிடையாது, ஏனென்றால் பேரேடு அந்தக் கேள்விக்காக எழுதப்படவில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வியாபாரி வழக்கமாகப் பின்பற்றும் கணக்குமுறையையே ஏற்க வேண்டும் என்று பெருந்தன்மையாகத் தொடங்கி, அதிலிருந்து வருமானத்தைச் சரியாகக் கண்டறிய முடியவில்லை என்று அதிகாரி கருதினால் தன் வழியில் கணித்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. 61-ஆம் பிரிவு வியாபாரிக்குப் பதிலாக வழக்கறிஞரோ கணக்காளரோ முன்னிலையாகலாம் என்று அனுமதித்தது. தமிழ்நாட்டு ஆடிட்டர் தொழில் இந்த மூன்று பிரிவுகளுக்கு இடையில் வளர்ந்தது என்றே நினைக்கிறேன். 1932-இல் பதிவுபெற்ற கணக்காளர் முறையும், 1949-இல் பட்டயக் கணக்காளர் சட்டமும் ஆடிட்டருக்குப் பட்டம் தந்தன.

இதற்கிடையே ராஜாஜி இன்னொரு கதவைத் திறந்தார். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய அவருடைய அமைச்சரவை, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அரை விழுக்காடு என்ற சிறு வரி. ஆனால் அது லாபத்தைப் பார்க்கவில்லை, மொத்த விற்பனையைப் பார்த்தது. இது புதுவகைக் கணக்காளரைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. சட்டம் பேசத் தெரிய வேண்டியதில்லை. பில் புத்தகத்தைக் கூட்டி, படிவத்தை நிரப்பி, கெடு தப்பாமல் கட்டினால் போதும். நாலைந்து கடைகளுக்குப் பொதுவாக மாலை வேளையில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பகுதிநேரக் கணக்கர் இதற்குப் போதுமானவராக இருந்தார். லாபத்துக்கு ஆடிட்டர், விற்பனைக்குக் கணக்கர் என்ற இந்தப் பிரிவினை நெடுங்காலம் நீடித்தது.

1984 நிதிச் சட்டம் அதில் கைவைத்தது. 40 லட்சத்துக்கு மேல் விற்பனை உள்ள வியாபாரியும், 10 லட்சத்துக்கு மேல் வரவு உள்ள தொழில்முறையாளரும் தம் கணக்கைப் பட்டயக் கணக்காளரைக் கொண்டு தணிக்கை செய்து சான்று பெற வேண்டும் என்றது. அதுவரை முழுக்க வியாபாரியின் ஆளாக இருந்தவர் அன்றிலிருந்து பாதி அரசின் ஆள். கூலி மட்டும் முழுவதும் வியாபாரியின் பையிலிருந்து. அரசுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 1992-இல் சிறு கடைக்காரர்கள் 1,400 ரூபாய் மொத்தமாகக் கட்டிவிட்டு ஒதுங்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. 1994-இல் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு உத்தேச வருமான முறை வந்து, 2010-க்குப் பிறகு பெரும்பாலான சிறு தொழில்களுக்கும் விரிந்தது. விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாக வந்த பணமென்றால் 6 விழுக்காட்டை, லாபமாகக் காட்டிவிட்டால் ஏடு கேட்கமாட்டோம் என்பது அதன் சாரம். 2016-இல் குறிப்பிட்ட சில தொழில்முறையாளர்களுக்கு வரவில் பாதியை வருமானமாகக் கொள்ளும் வழியும் வந்தது. இவையெல்லாம் தறிக்கு இவ்வளவு என்ற பழைய கணக்கின் வாரிசுகளே. தரகு, கமிஷன் வருமானம் இதில் சேராது என்ற விலக்கைத்தான் இணையத்தில் பிறர் பொருளைப் பரிந்துரைத்துச் சம்பாதிப்பவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, உத்தேச முறை இருக்கும்போது இணைய வியாபாரிக்குக் கணக்காளர் எதற்கு, ஒரு மென்பொருள் போதாதா என்பது அடுத்த மறுப்பு. வருமான வரி ஒன்றோடு நின்றிருந்தால் அது செல்லும். 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. அந்த நிம்மதியைக் கெடுத்தது. தெருக்கடைக்காரருக்குப் பதிவில்லாமல் விற்க ஒரு விற்பனை வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் பொருள் விற்போருக்கு 2019 முதல் அது 40 லட்சம். இணையத் தளம் வழியாகப் பொருள் விற்பவருக்கோ முதல் விரிப்பை விற்கும் முன்பே பதிவு கட்டாயம். 2023 அக்டோபரில்தான் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு இது நிபந்தனையோடு தளர்ந்தது. கரூர் விரிப்பு பெங்களூருக்குப் போனால் பழைய விதியே. கூடவே, தளம் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கை ஜி.எஸ்.டி.க்காகவும் இன்னொரு பங்கை வருமான வரிக்காகவும் பிடித்து, விற்றவரின் பெயரில் அரசுக்குக் கட்டிவிடுகிறது. ஆக, விற்பனையாளர் தன் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே அவருடைய விற்பனை அரசின் ஏட்டில் ஏறியிருக்கிறது.

1860-இல் அரசுக்கு ஒன்றும் தெரியாது, ஏடு வியாபாரியிடம் மட்டுமே இருந்தது. இன்று அரசின் ஏடு முந்திக்கொள்கிறது. ஆனால் அதற்குத் தெரிவது விற்பனை, லாபம் அல்ல. தளத்தின் கமிஷன், கூரியர் கட்டணம், பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட விரிப்பு, மார்ச்சில் விற்று ஏப்ரலில் வங்கிக்கு வந்த பணம் என இவையெல்லாம் கழிந்து கையில் நிற்பது வேறு தொகை. தளம், வங்கி, அரசு என மூன்று இடங்களில் மூன்று எண்கள். அவை ஏன் வேறுபடுகின்றன என்பதைச் சொல்ல முடியாதவருக்கு நோட்டீஸ் வரும். கூட்டிக் கழிப்பதை மென்பொருள் செய்துவிடும். வேறுபாட்டுக்குக் காரணம் சொல்வதும், அந்தக் காரணத்துக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பதும் ஆளின் வேலை.

ஆகையால் பட்டயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆளைத் தேடுவது 1984 விதிக்குப் பொருந்துகிற தேடல். உத்தேச முறைக்குள் அடங்கும் சிறு விற்பனையாளருக்குத் தணிக்கைச் சான்று தேவைப்படாமலே போகலாம். ஜி.எஸ்.டி.யில்கூடப் பட்டயக் கணக்காளர் தணிக்கை 2021-இல் நீக்கப்பட்டு, வியாபாரியே தன் கணக்குக்குச் சான்றளிக்கும் முறை வந்துவிட்டது. விற்பனை இல்லாத மாதத்தின் வெற்றுப் படிவத்தை 2020 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலேயே அனுப்பலாம். அதற்கும் மாதக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தளம் தரும் மாதாந்தர அறிக்கையையும் வங்கிக் கணக்கையும் அரசின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் ஒருமுறை ஒப்பிட்டுத் தருவீர்களா என்று கேட்டு, அதற்கு ஒத்துக்கொள்கிறவரைத் தேடுவதுதான் இவர்களுக்கு உதவும். வருமான வரிக் கெடு நெருங்கும்போது மட்டும் கதவைத் திறக்கும் அலுவலகத்தில் அந்த ஆள் கிடைப்பது அரிது.