நீருள் உதிர்ந்த பொன்

உலோகத்தைக் கண்ணுக்குப் புலனாகாத துகள்களாக்கி, பிற பொருள் எதுவும் கலவாமல் தூய நீரில் நிறுத்திவைக்க வேண்டும் என்னும் வேட்கையின் சரித்திரம், ஒளியைக்கொண்டு பொன்னை ஆராயப் புகுந்த ஒரு மேதையிடம் தொடங்கி, அதே ஒளியால் பொன்னைப் பொடிக்கக் கற்றுக்கொண்ட நம் காலத்து விஞ்ஞானிகளிடம் வந்து நிற்கிறது.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே, 1856-ஆம் ஆண்டில், பொன் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரஸுடன் வினைபுரியச் செய்து, மாணிக்க நிறங்கொண்ட திரவம் ஒன்றைப் பெற்றார். பார்வைக்கு முற்றிலும் தெளிந்திருந்த அத்திரவத்தினூடே குவிந்த ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது கற்றை சென்ற வழி துலங்கித் தெரிந்ததைக் கண்டு, பொன் அதில் கரைந்துவிடவில்லை, அதிசூக்ஷ்மமான துகள்களாகப் பரவியே நிற்கிறது என்று தெளிந்த அவர், 1857 பிப்ரவரியில் ராயல் சொஸைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் அதை உலகுக்கு அறிவித்தார்.

ஆனால் ரசாயன முறையில் பிறந்த பொன், தன்னைப் பிறப்பித்த ரசாயனங்களின் எச்சத்தையும் உடன் கொண்டிருந்தது. அந்தக் களங்கத்தை விலக்கிய வழியொன்றை 1898-இல் ஜெர்மானியரான கேயார்க் பிரேடிக் கண்டார். நீருக்குள் இரண்டு உலோகக் கம்பிகளின் முனைகளை நெருக்கி, இடையே மின்வில்லை எழுப்பியதும், உலோகம் ஆவியாகி, நீரால் உடனே குளிர்ந்து, நுண்துகளாய்ப் பரவியது. 1960-இல் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசரை எழுப்பிய பின்னர், மின்வில் செய்த வேலையை ஒளி ஏற்றுக்கொள்வதற்கான சாதனம் மனிதன் கைக்கு வந்தது.

1987-இல் நம் நாட்டுப் புனே நகரின் ஆராய்ச்சியாளர்கள், நீரில் அமிழ்ந்த இரும்பின்மீது லேசர்த் துடிப்பைச் செலுத்தி, நீரும் உலோகமும் சந்திக்கும் பரப்பில் புதுவகை ஆக்ஸைடு தோன்றுவதைக் காட்டினார்கள். அவர்களது நோக்கம் துகள் திரட்டுவதன்று என்றாலும், நீருக்குள் லேசர் புரியக்கூடிய வேலைக்கு அது முன்னோடியாயிற்று. 1993-இல் பெர்லினில் ஹெங்லைன் என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினரும் அமெரிக்காவின் அயோவாவில் வேறொரு குழுவினரும் தனித்தனியே, நுண்துகள் பரவிய திரவங்களான உலோகக் கூழ்மங்களை லேசரால் ஆக்கினர். அயோவாக் குழுவினருக்கு வேண்டியிருந்தது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலைப் பன்மடங்கு பெருக்கித் தரும் தூய உலோகப் பரப்பு. துகளின்மேல் வேற்று அயனி ஒட்டியிருந்தால், ஆராயவேண்டிய மூலக்கூற்றின் நிறமாலையோடு அதுவும் கலந்து குழப்பும்.

லேசரால் கூழ்மம் ஆக்கும் செயல் நிகழும் விதம் இது. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் பொன் தகடு கிடக்க, அதன்மேல் சில மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூய நீர் நிற்க, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் துடிப்பு லென்ஸால் குவிந்து தகட்டில் விழுகிறது. 'சடசட'வென்ற ஓசையுடன் ஒவ்வொரு துடிப்பும் உலோகத்தைச் சுட்டெரிக்கும் பிளாஸ்மாவாக்க, அதைச் சூழ்ந்து ஆவிக் குமிழி ஒன்று விரிந்து, சில நூறு மைக்ரோநொடிகளில் சுருங்கி உடைந்து, தன்னுள் திரண்ட துகள்களை நீரில் விடுகிறது. பச்சை ஒளியை அவை விழுங்குவதால், சிறிது நேரத்தில் நீர் செம்மை பூணுகிறது. துகள்களின் பரப்பில் அமையும் மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கிவைப்பதால் அவை எளிதில் திரண்டு படிவதில்லை.

மில்லிகிராம் கணக்கில் மட்டுமே விளைவதாயிருந்த இம்முறையை, 2016-இல் ஜெர்மனியின் எஸென் நகர ஆராய்ச்சியாளர்கள் மணிக்கு 4 கிராம் வரை பிளாட்டினம் தரும் முறையாக உயர்த்தினர். வினையூக்கியாகவோ, மருத்துவத்துக்கோ பயன்படவிருக்கும் துகளின் மதிப்பு அதன் பரப்பின் தூய்மையில் இருக்கிறது. அத்தூய்மையைப் பொருட்டாய்க் கருதிப் பிரேடிக் முதல் எஸென் வரை தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் விடாமுயற்சியே, விஞ்ஞான முன்னேற்றத்தின் உண்மையான வரலாறு என்று நான் கருதுகிறேன்.