ஆங்கிலேயக் கேப் கைத்துப்பாக்கிகள்

சக்கிமுக்கிக் கல்லின் பொறியை நம்பாமல், அடிபட்டதும் வெடிக்கும் ரசாயனத்தால் மருந்தைப் பற்றவைக்கும் கைத்துப்பாக்கிகள் இங்கிலாந்தில் 1807க்குப் பின் தோன்றி, 1860கள்வரை கோலோச்சின. ஆயுதச் சேகரிப்பாளர்களிடம் இவற்றுக்கு நெடுங்காலம் இரண்டாம் இடம்தான். மூத்த சக்கிமுக்கி வகைக்கே மதிப்பும் விலையும் அதிகம்.

தொடக்கம் ஒரு பாதிரியாரின் வேட்டை ஆசை. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் சபை குருவான அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்சைத், நீர்ப்பறவைகள் தப்பிவிடுவதைக் கண்டு சலித்தவர். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பளிச்சிடும். குண்டு கிளம்புவது அதற்கடுத்துத்தான். பறவைக்கு அந்த இடைவெளி போதும். 1806இல் லண்டன் டவரில் அவருக்கு ஆய்வுக்கு இடம் தந்த தளவாடத் துறை, மேலிடம் மாறியதும் வெளியே அனுப்பிவிட்டது. 1807 ஏப்ரல் 11இல் காப்புரிமை பெற்று, பின்னர் பிக்காடிலியில் கடை திறந்தார். அவர் செய்த பூட்டில் வெடிரசாயனம் நிரப்பிய சிறு குப்பி சுழலும். வாசனைத் திரவியக் குப்பியின் வடிவில் இருப்பதால் ‘சென்ட் பாட்டில்’ பூட்டு என்று அழைக்கப்படும் இது, இன்று கிடைத்தற்கரியது.

1821இல் காப்புரிமை முடிந்தது. அதற்குள் ‘கேப்’ எனப்படும் செம்பு மூடி வந்துவிட்டது. தீபாவளிப் பொட்டுக் கேப்பை உலோகத்தில் அடைத்தாற்போல. முதலில் செய்தது யார் என்பதில் ஜோஷுவா ஷா, ஜோசப் எக், ஜோசப் மான்டன் என்று பலர் பேரும் அடிபடுகிறது, வழக்கு தீர்ந்தபாடில்லை. ராணுவம் 1830களின் இறுதியில்தான் மனம் மாறியது.

இந்த முறை செம்மைப்படும்போது, கைத்துப்பாக்கியின் முக்கியப் பயன்களில் ஒன்றான ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையே வழக்கொழிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் கடைசியாக உயிர்ப்பலி வாங்கிய சண்டை 1852இல் எகம் அருகே நடந்தது. மோதிய இருவருமே பிரெஞ்சுக்காரர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட், ராபர்ட் ஆடம்ஸ் ஆகியோரின் சுழல்துப்பாக்கிகள் மக்களை ஈர்த்திருந்தன. ஒரு முறை சுட்டதும் மறுபடி நிரப்ப வேண்டிய துப்பாக்கி மெல்ல மெல்ல அலமாரிக்குப் போனது.

இருபதாம் நூற்றாண்டில்தான் சேகரிப்பு ஆய்வாக வளர்ந்தது. 1950இல் ஆயுத, கவச ஆர்வலர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. பெரும் சேகரிப்பாளரான கீத் நீல், பேக் என்பவருடன் சேர்ந்து ஃபோர்சைத் நிறுவனத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அசல் பெட்டியோடு கிடைத்த ஜோடிக்குத்தான் கிராக்கி. மஹாகனிப் பெட்டி, பச்சைக் கம்பளித் துணி உள்விரிப்பு, மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கேப் டப்பி, மூடியின் உட்புறம் கடைச் சீட்டு. சீட்டில் உள்ள தெரு முகவரியே காலத்தைக் காட்டிக்கொடுக்கும், கடைகள் இடம் மாறியபடி இருந்ததால். குழலில் லண்டன் முத்திரையா, 1813இல் சட்டப்படி அமைந்த பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரையா என்று பார்ப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செய்ததானால் பூட்டில் கிரீடம் ஏந்திய சிங்கம் நிற்கும்.

தேர்ந்தவர் கண் பூட்டுத்தகட்டில் நிற்கும். சக்கிமுக்கியாய்ப் பிறந்து கேப்புக்கு மாற்றப்பட்டதில் பழைய திருகுத் துளைகள் அடைத்த தடம் தெரியும். அந்த மாற்றமும் வரலாறுதான். ஆனால் அதிக விலைக்காகச் சிலர் மீண்டும் சக்கிமுக்கியாக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் அது பழுதுபார்ப்பல்ல, மோசடி.

பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, இவற்றைப் பழம்பொருளாகவோ அலங்காரமாகவோ மட்டும் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. மருந்து நிரப்பிச் சுட நினைத்தால் உரிமம் வாங்கியாக வேண்டும்.