வட்டமும் தெருவும்: விரிஞ்சிபுரத்தை முன்வைத்து மரபுப் பகுதிக் கட்டட விதிகள்

விரிஞ்சிபுரத்துக்கு மதிலழகு என்று பேர். வேலூருக்கு மேற்கே, பாலாற்றின் தென்கரையில், மார்க்கபந்தீசுவரர் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் அந்த மதிலைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இருக்காது. மதிலுக்கு வெளியே உள்ள வீடுகளை என்ன செய்வது என்பதில்தான் கோயிலூர்கள் எல்லாவற்றிலும் வழக்கு தொடங்குகிறது. ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி எழுப்ப நினைப்பவர் தம் மனையுரிமையைச் சொல்கிறார். தெருவின் முகம் போய்விடுமே என்பவர் ஊருரிமையைச் சொல்கிறார். இவ்விருவருக்கும் நடுவே நம் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே கருவியைத்தான் வைத்திருக்கின்றன: தூரம்.

2010இல் திருத்தப்பட்ட மத்தியத் தொல்லியல் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு முன் அனுமதி கேட்கிறது. வேலூர்க் கோட்டைக்கும் மாமல்லபுரத்துக்கும் இதே அளவுகோல்தான். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ. வரை 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது மாநில அரசாணை. அளக்க எளிது, வழக்காடவும் எளிது. ஆனால் இந்த வட்டங்கள் சின்னத்தை மையமாக வைத்து வரையப்பட்டவை. தெருவை அவை பார்ப்பதில்லை. திண்ணையை விழுங்கிவிட்டுத் தெருவை நோக்கி ஷட்டர் இறக்கி நிற்கும் கான்கிரீட் கட்டடம் 9 மீட்டருக்குள் அடங்கினால் உயர விதி அதைக் கேள்வி கேட்காது. 100 மீட்டருக்குள் குடியிருப்பவரோ, மகனுக்குக் கல்யாணமாகி ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்றாலும் கட்ட முடியாது. பழுது பார்க்கவே அனுமதிக்கு நடக்க வேண்டும். அந்தத் திருத்தச் சட்டமே ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே மரபுத் துணைவிதிகள் வகுக்கச் சொல்கிறது. ஒரே வட்டம் எல்லா ஊருக்கும் ஒத்துவராது என்பதைச் சட்டம் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள் என்றுதான் இதை வாசிக்கிறேன்.

காக்க வேண்டியது எது? விரிஞ்சிபுரத்தில் கார்த்திகைக் கடை ஞாயிறன்று பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் நள்ளிரவில் நீராடி, ஈர உடையோடு கோயிலில் விழுந்து கிடக்கிறார்கள். அவர்களோடு வரும் கூட்டத்தைத் திண்ணையுள்ள தெரு தாங்கும். காம்பவுண்டுச் சுவர் எழுந்த தெரு நடுவீதியில் நிறுத்தும். பொதுவான கட்டட விதியோ வீட்டின் முன்புறம் இடம் விடச் சொல்கிறது. விட்ட இடத்தை வீட்டுக்காரர் சுவர் வைத்து அடைக்கிறார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர் கையாலேயே தெருவின் வரிசை உடைவது எனக்கு வேதனை தருகிறது.

தூர விதியின் வலிமையையும் வரம்பையும் இந்த ஆற்றங்கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் அரசாணை ஆறுகளிலிருந்து 1 கி.மீ.க்குள் மாசு மிகுந்த தொழில்கள் வருவதைத் தடுத்தது. தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அதை உறுதிசெய்தது. ஆனால் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் முன்பே இயங்கிய ஆலைகளைத் தூரத்தை மட்டும் கொண்டு தீர்க்க முடியவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற தரமே அவற்றுக்கு நிபந்தனையானது. அந்தத் தரத்தைக் கண்காணிப்பதில் இருந்த தளர்வால் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றின் மாசு குறித்துத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. புதிதாக வருவதைத் தூரம் தடுக்கும். ஏற்கெனவே இருப்பதை நெறிப்படுத்தத் தரமும் அருகிருந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். கோயில் தெருவின் வீடுகள் எல்லாமே ஏற்கெனவே இருப்பவை.

அந்தக் கண் ஊராருடையதாக இருக்கலாமா? "ஊரார் கையில் விட்டால் எல்லாம் இடிந்துபோகும்" என்பார்கள். மேலே அரசின் கையில் விட்டபோது என்ன நடந்தது? மாநில மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 நெறிமுறைகளோடு நினைவூட்ட வேண்டியும் இருந்தது. விரிஞ்சிபுரத்துக்கு வேறொரு முன்மாதிரி உண்டு. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425ஆம் ஆண்டை ஒட்டி, படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் பெண்ணுக்குப் பொன் வாங்குவதில்லை, கன்னிகாதானமாகவே கொடுப்பது என்று உடன்பட்டு, மீறுவோர்க்குத் தண்டனையும் குறித்து இங்கே கல்லில் வெட்டினார்கள். கன்னடர், தமிழர், தெலுங்கர் எனப் பலரும் சேர்ந்த உடன்படிக்கை அது. கட்டுப்படுவோரே விதியை எழுதினார்கள், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தார்கள், பின்னால் அரசு நின்றது. இந்த மூன்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் அதிலேயே இருக்கிறது: உட்கார்ந்து பேசியவர்கள் ஒரே சாதியினர். மரபுத் தெரு என்ற சொல், யார் அங்கே நடக்கலாம் என்ற பழைய கட்டளையின் நினைவையும் சுமக்கிறது. ஆகவே இன்றைய விதியை வீட்டுடைமையாளர் சங்கம் எழுதக் கூடாது. வாடகைக்காரரும் சேரிக்காரரும் கடைக்காரரும் வாக்களிக்கும் கிராம சபைதான் எழுத வேண்டும். விதி காக்க வேண்டியது முகப்பு வரிசையையும் திண்ணையையும் முன்கூரையின் உயரத்தையும்தான். உள்ளே கழிப்பறையும் மாடியும் கட்டிக்கொள்ளத் தடை இருக்கலாகாது.

செலவை வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமல்ல. புதுச்சேரி வைசியாள் தெருவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்திலும் இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பின் துணையிலும் தமிழர் வீட்டு முகப்புகள் சீரானபோது, செலவை வீட்டுக்காரரும் திட்டமும் பகிர்ந்துகொண்டனர்.

காலமும் குறைவு. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுபவர் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி பெறலாம். ஏழை வீட்டுக்காரருக்கு இது பெரிய விடுதலை, இதைத் திரும்பப் பெறச் சொல்ல மாட்டேன். ஆனால் கோயில் தெருவின் பழைய மனைகளில் பலவும் இந்த அளவுக்குள் வருபவை. அந்த விண்ணப்பத்தில், கோயில் தெரு மனைகளுக்கு மட்டும், ஊர் எழுதிய முகப்பு விதியை ஒரு பக்கமாகச் சேர்த்து, அதற்கு இணங்கினால் முகப்பு மானியம் உண்டு என்று அச்சிடுவதை நகர் ஊரமைப்பு இயக்ககம் இன்றே செய்யலாம்.