பதிவேடு பெருத்தால்

கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டைதான் 'லாக்'. அதைக் குறித்துவைத்த ஏட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டி, கடைசியில் கணினிக்குள் வந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'ழுர்னால்', அதாவது நாட்குறிப்பு. இதுவே பொருத்தம் என்பேன்.

தரவுத்தள சர்வரில் ஒரே பிழை ஓயாமல் நேர்ந்தால், நாட்குறிப்பு வட்டு நிரம்பும்வரை வளரும். பிறகு எழுத இடமின்றிச் சர்வரே நின்றுபோகும்.

இதற்கு உறவான கதை ஒன்று செவ்வாயில் நடந்தது. 2004 ஜனவரி 4-இல் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, 21-ஆம் தேதி பேச்சுக் குழறியது. ஃபிளாஷ் நினைவகத்தில், பயணத்தின்போதே சேர்ந்தவை உட்பட, கோப்புகள் மிகுந்துவிட்டன. அவற்றின் பட்டியலைப் படிக்கவே வேலை நினைவகம் போதவில்லை. உடனே மறுதொடக்கம், மறுபடி அதே பட்டியல். இப்படி 60 தடவைக்கு மேல்! இரவில் உறங்காததால் பேட்டரியும் கரைந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி கட்டளை அனுப்பி, கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் அந்த நினைவகத்தையே புதிதாக ஒழுங்கு செய்தார்கள். 90 நாளுக்கென்று போனது 2010 வரை பேசியது.

பூதலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மணல் சேர்ந்து காவிரி மேடாகி, தண்ணீர் கொள்ளிடத்துக்கு ஓடியது. அள்ளி மாளுமா? 1830-ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல்போக்கிகள் வைத்தார். சர்வருக்கும் பழைய பதிவு தானே கழியும் ஏற்பாடு வேண்டும். பிழையின் ஊற்றையும் அடைக்க வேண்டும். பரிவர்த்தனைப் பதிவை மட்டும் குப்பையென்று அழித்துவிடாதீர்கள். பட்டா மாறுதல் ஏறும்போது மின்சாரம் போனால், கணக்கை மீட்பது அதுதான்.