ஒரே அடுப்பு, இரண்டு ஆபத்து: உலான்பாதரின் புகைக் கதை

இன்னிக்கு எபிசோட்ல நாம போறது மங்கோலியாவோட தலைநகர் உலான்பாதர். உலகத் தலைநகரங்கள்லயே ரொம்பக் குளிரான ஊர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். அங்க அடுப்பு அணைஞ்சா உயிருக்கு ஆபத்து. எரிஞ்சாலும் ஆபத்துதான். இந்தச் சிக்கல் எப்படி வந்துச்சு?

இந்த நகரம் பிறந்ததே கூடாரத்துலதான். 1639-இல் நடமாடும் பௌத்த மடாலயமாகத் தொடங்கி, பலமுறை இடம் மாறி, 1778-இல் தூல் ஆற்றங்கரையில் நிலைகொண்டது. மங்கோலியர்களின் வட்டமான கம்பளிக் கூடாரத்துக்குப் பெயர் 'கெர்'. அதன் நடுவே ஒரு அடுப்பு. சமையல், வெந்நீர், கதகதப்பு எல்லாமே அதுலதான். புல்வெளியில் காய்ந்த சாணத்தை எரிப்பார்கள். கூடாரங்கள் தள்ளித்தள்ளி இருந்ததால், புகை காற்றோடு கலைந்துவிடும்.

சோவியத் செல்வாக்குக் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அனல்மின் நிலையத்திலிருந்து குழாய் வழியாகச் சுடுநீர் வந்து அந்த வீடுகளைச் சூடாக்கியது. ஓரத்தில் இருந்த கெர் குடியிருப்புகளுக்கு அந்தக் குழாய் போகவே இல்லை.

1990-க்குப் பிறகு சோஷலிசப் பொருளாதாரம் சரிந்தது. அடுத்த அடி 'ஜுட்'. கால்நடைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் கொடுங்குளிர் காலத்துக்கு அங்கே அதுதான் பெயர். 2009-10 ஜுட்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஆடு மாடு போனா மேய்ப்பருக்கு என்ன மிச்சம்? கூடாரத்தை மடிச்சுக்கிட்டுத் தலைநகருக்கு வந்தாங்க. 2003-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சட்டமும், தலைநகரில் 700 சதுர மீட்டர் வரை நிலம் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. மலைச்சரிவெல்லாம் கெர் நிரம்பியது. அடுப்பில் சாணத்தின் இடத்தை நிலக்கரி பிடித்தது.

ஊர் இருப்பதோ மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று உறைந்து கிடக்கும். அதற்கு மேலே சற்றே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். புகை மேலே போக முடியாது. 2018 ஜனவரி 30 அன்று பி.எம். 2.5 என்னும் நுண்துகளின் அளவு ஓரிடத்தில் கனமீட்டருக்கு 3,320 மைக்ரோகிராமைத் தொட்டது. அப்போதைய உலக சுகாதார நிறுவன வரம்பு 25!

சரி, ஜன்னலை மூடிட்டு உள்ளேயே இருந்தா? வெளிப் புகை இடுக்கு வழியாக உள்ளே வரும். அடுப்பைத் திறந்து கரி போடும்போது உள்ளேயும் புகை கிளம்பும். உள்காற்றும் வெளிக்காற்றும் தனித்தனி இல்லை.

2019 மே 15 முதல் தலைநகரில் சாதாரண நிலக்கரிக்குத் தடை. பதிலுக்கு, பதப்படுத்தி அழுத்திச் செய்த கரிக்கட்டிகளை அரசு மலிவு விலையில் கொடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் வெளியே நுண்துகள் கணிசமாகக் குறைந்தது. ஆனா கெர்களுக்குள்ளேயிருந்து வேற செய்தி வர ஆரம்பிச்சுது. கார்பன் மோனாக்சைடு நச்சால் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அடைத்த புகைபோக்கியும் பழைய அடுப்பும்தான் காரணம் என்றது அரசு. கரிக்கட்டியே சரியில்லை என்றார்கள் மக்கள். புகையாவது கண்ணை எரிக்கும், இருமல் வரும், தப்பிச்சு ஓடலாம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இந்த வரலாற்றில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அடுப்பை மாத்தினாங்க, கரியை மாத்தினாங்க. 2017-இல் நகருக்குள் குடிவருவதையே சில ஆண்டுகள் தடுத்துப் பார்த்தார்கள். அடுக்குமாடி வரை வந்து நின்ற அந்தச் சுடுநீர்க் குழாய் மட்டும் பெரும்பாலான கெர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வெளியே தெரியும் புகையைக் குறைப்பது ஒரு வேலை. உள்ளே தூங்கும் குழந்தை காலையில் பத்திரமாக எழுந்திருப்பது இன்னொரு வேலை. ரெண்டையும் சேர்த்துச் செய்ய, எரிக்காமலேயே சூடு தரும் வீடு வேணும்.