மரபணுவில் விழும் எழுத்துப் பிழை

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கொண்டே செல்கள் உணவிலிருந்து ஆற்றல் பெறுகின்றன. அதில் ஒரு சிறு பங்கு, அக்கம்பக்கத்தைத் தாக்கும் வேதிப்பொருளாக மாறிவிடுகிறது. புகைப்பழக்கமும் கதிர்வீச்சும் இதைக் கூட்டும்.

டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் எளிதில் அடிபடுவது குவானைன். அடிபட்டால் அது 8-ஆக்சோகுவானைன். சைட்டோசினோடு சேர வேண்டியது, அடினைனோடும் சேர்ந்துவிடும். பழைய கிதாபைப் படியெடுப்பவர் மங்கிய எழுத்தை வேறாக வாசிப்பது போலத்தான். அடுத்த படியெடுப்பில் அந்த அடினைனுக்கு எதிரே தைமின் வந்து அமரும். குவானைன் இருந்த இடம் தைமினாகி நிலைத்துவிடும். இதுவே பிறழ்வு.

அதற்குமுன் திருத்துவதற்கு நொதிகள் உண்டு. ஒன்று, கெட்ட குவானைனை வெட்டியெடுக்கும். எம்.யு.டி.ஒய்.எச். என்பது தவறாகச் சேர்ந்த அடினைனை நீக்கும். இரண்டாவதன் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் பெருங்குடலில் பல கட்டிகள் முளைத்துப் புற்றாகக்கூடும். இதை 2002-இல் வேல்ஸ் ஆய்வாளர்கள் ஒரே குடும்பத்து உடன்பிறந்தாரிடம் கண்டறிந்தனர்.

பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் நிக்காஹ் செய்யும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடும். ஆகவே வீட்டில் ஒருவருக்கு இளவயதிலேயே குடல்புற்று வந்திருந்தால் உடன்பிறந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டி புற்றாகுமுன் கொலனோஸ்கோபியில் தெரிந்தால் அப்போதே அகற்றிவிடலாம்.