நோஞ்சான் குஞ்சும் கொலுமெல்லாவின் ஒரு நாளும்

கொலுமெல்லா ஒரு ரோமானியர். கி.பி. முதல் நூற்றாண்டு, சொந்த ஊர் ஸ்பெயினின் காதிஸ். விவசாயம் பற்றி 12 பாகங்கள் எழுதியிருக்கிறார். 8-ஆம் பாகத்தில் கோழி வருகிறது. அதில் ஒரு விதி: பொரிந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுக்காதே, ஒரு நாள் தீனி தண்ணி இல்லாமல் தாயிடமே விடு.

பட்டினி போடுவதா என்று தோணும். ஆனா குஞ்சு ஓட்டை உடைப்பதற்குச் சற்று முன்புதான் மிச்ச மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் போகிறது. இரண்டு நாள் அதிலேயே ஓடும். கடைசியில் பொரிந்த நோஞ்சானுக்குத் தேவை சூடு. துடியான குஞ்சுகளோடு தாய் அடையை விட்டு எழுந்துவிட்டால், ஈரம் காயாத குஞ்சு விறைத்துப் போகும்.

இன்னொன்றும் சொல்கிறார். இரண்டு மூன்று கோழிகளின் குஞ்சுகளை, நன்றாக வளர்க்கும் ஒரே தாயிடம் சேர்க்கலாம். ஆனால் முதல் நாளே, தன் குஞ்சு எது என்று அதற்குப் பிரித்துத் தெரியாதபோதே. 30-க்கு மேல் வேண்டாம். (குஞ்சுகளைச் சல்லடையில் வைத்து மூலிகைப் புகை காட்டவும் சொல்கிறார். அது எனக்கு ஒப்பவில்லை.)

1918-ல் அமெரிக்கத் தபால் துறை ஒருநாள் குஞ்சுகளைப் பார்சலில் ஏற்க ஆரம்பித்ததும் இதே மஞ்சள் கருவை நம்பித்தான். அந்தப் பெட்டியில் தாய் கிடையாது. நெருக்கி அடைத்த குஞ்சுகளே ஒன்றுக்கொன்று அடை.